தோளில் விழுந்த தலை

வாணியம்பாடியிலிருந்து ஜமுனாமரத்தூர் தாலுகா ஆபீசுக்கு தினமும் இரண்டு மணி நேரம் பஸ். அதில் ஒரு நிமிஷத்தைக்கூட தூபா வீணாக்குவதில்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு பரீட்சைப் பாடம் கேட்டபடியே மலையேறிவிடுவாள். ஒரே தொல்லை, வழியில் காவலூரில் ஏறிப் பக்கத்தில் உட்காரும் தேவயானிதான். உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். வளைவுக்கு வளைவு அவள் தலை தூபாவின் தோளில் வந்து விழும்.

அன்று தூபா பொறுக்கமாட்டாமல் அவளைத் தட்டி எழுப்பினாள்.

"இன்னாங்க, தினம் தூங்கினே வர்றீங்க? இந்த நேரத்துல உருப்படியா எதனா செய்யலாமில்ல?"

"மன்னிச்சுக்கங்க. காவலூர் தொலைநோக்கியில எனக்கு நைட் ஷிஃப்ட்டு." தேவயானி செல்போனை நீட்டினாள். கறுப்புப் படத்தில் மங்கலாக ஒரு வெள்ளைப் புள்ளி.

"இது தூரத்து நட்சத்திரக் கூட்டம் ஒண்ணு. இந்த வெளிச்சம் அங்கேர்ந்து கிளம்பி ரெண்டு கோடி வருசம் ஆவுதுங்க. அப்போ பூமியில மனுசனே கெடையாது. நேத்துதான் இங்க வந்து சேந்துச்சு. அது வர்றப்போ யாராவது முழிச்சிருக்கணுமில்லீங்களா?"

தூபா அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வளைவில் தலை மறுபடி அவள் தோளில் விழுந்தது. தூபா மெல்ல இயர்போனைக் கழற்றினாள். ஜமுனாமரத்தூர் வரும்வரை தோளை அசைக்கவே இல்லை.