வலது காதுக்குப் பின்னால்

பூவிழிக்கு ஆறு வயதில் மூளையில் கட்டி வந்தது. தஞ்சாவூரில் முப்பது நாள் கதிர்வீச்சு கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். வலது காதுக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு, அதன்பின் முடி முளைக்கவே இல்லை. மயிலாடுதுறையில் பள்ளி ஆசிரியையான பிறகும் அந்த இடத்தைப் பின்னலால் மறைத்துக்கொள்வாள்.

இருபத்துமூன்று வருடம் கழித்து, சம்பா கதிர் வந்த நேரத்தில், அங்கே முடி முளைத்தது. மெல்லிய செம்பட்டை முடி.

அம்மா நீலாம்பாள் தடவிப் பார்த்து அழுதாள். "சின்னப் புள்ளையில இருந்த அதே முடிடி."

"அழாம எண்ணெய் வைம்மா," என்று பூவிழி சிரித்தாள்.

அறுவடைக்குள் தலைவலி வந்துவிட்டது. ஸ்கேனில் அதே இடத்தில் புதிய கட்டி தெரிந்தது.

"அன்னைக்கு உயிரைக் காப்பாத்துன கதிர்வீச்சாலயே வந்திருக்கலாம்மா. அபூர்வமா, பல வருஷம் கழிச்சு இப்படி வரும்," என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்குத் தலை முழுவதையும் மழித்தார்கள். அதன்பின் பூவிழி கண் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

குளிப்பாட்டும்போது நீலாம்பாள் தலைக்கட்டை அவிழ்த்தாள். தலை மொட்டையாக இருந்தது. காதுக்குப் பின்னால் மட்டும், தையலை மூடிக்கொண்டு, செம்பட்டை முடி ஒரு சாண் வளர்ந்திருந்தது. சுற்றி நின்ற பெண்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"சீப்பு கொண்டாங்க," என்றாள் நீலாம்பாள்.

மகளின் தலையை மடியில் வைத்து, முடியை மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள்.