சுடுதா என்று கேட்டவன்

ஒரு படுக்கையறைச் சுவரில் வரட்டன் என்ற ஆண்பல்லியும் அவன் மனைவி சீலியும் குடியிருந்தார்கள். தன்னைப் போல ஓர் ஆம்பளை உலகத்திலேயே இல்லை என்பது வரட்டனின் நினைப்பு. சீலிக்கு அந்தப் பெருமையைக் கேட்டுக் காது புளித்திருந்தது.

ஒரு மழைநாள் பிற்பகலில் அந்த வீட்டுக் கணவனும் மனைவியும் காதல் விளையாட்டுக்காகக் கதவைச் சாத்திவிட்டு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். சாயமோ வாசனையோ கலக்காத வெறும் வெள்ளை மெழுகுவர்த்தி. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரும் வைத்திருந்தார்கள். கணவன் உருகிய மெழுகின் முதல் சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தான். பிறகுதான், எண்ணெய் தடவியிருந்த அவள் முதுகில் ஒரு சொட்டு விட்டான்.

"சுடுதா?"

"கொஞ்சம். இன்னும் உசத்திப் பிடிங்க."

உயரத்திலிருந்து விழும் சொட்டு சற்று ஆறிவிடும் என்பதால் அவன் கையை உயர்த்தினான். அடுத்த சொட்டுக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

வரட்டன் உச்சுக்கொட்டினான். "இவனெல்லாம் ஒரு ஆம்பளை. சொட்டுக்குச் சொட்டு அவகிட்ட கேக்குறான். நாம சேரும்போது உன் கழுத்தைக் கவ்வுறதுக்கு நான் என்னைக்காவது கேட்டிருக்கேனா?"

"கேட்டதில்ல," என்றாள் சீலி. அவள் கழுத்துக் காயம் இன்னும் ஆறவில்லை.

"வலிக்குதுன்னு நீயும் சொன்னதில்லையே."

"சொன்னேன். நீ உன் வீரத்தைப் பேசிக்கிட்டிருந்தே."

வரட்டன் அதையும் காதில் வாங்கவில்லை. வழக்கம்போல வாயைப் பிளந்துகொண்டு அவள் கழுத்தை நோக்கிப் பாய்ந்தான். சீலி சட்டென்று திரும்பிக்கொள்ள, அவன் வாயில் அகப்பட்டது வால்தான். அவள் அதை அங்கேயே கழற்றிவிட்டு, ஜன்னல் வழியாக வெளியேறிப் போய்விட்டாள்.

வால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. தன் வீரத்தில் மயங்கித்தான் அவள் இப்படித் துடிக்கிறாள் என்று நினைத்து, வரட்டன் அதை வெகுநேரம் விடாமல் கவ்விக்கொண்டிருந்தான்.