டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு பார்ட்னர்

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று, புதன்கிழமையாகப் பார்த்து மாமா என்னை ஆடிட்டரிடம் அழைத்துப் போனார்.

என் டிரைவிங் ஸ்கூலில் அவர் பார்ட்னராகச் சேர வேண்டும். அம்பகரத்தூரில் இருக்கும் இரண்டு மா வயலை அடமானம் வைத்து முதல் போடுவாராம்.

மாமாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளும் தெரியாது.

ஆனால் கொஞ்ச காலமாகத் தினமும் முதல் பஸ்ஸில் காரைக்காலுக்கு வந்து, பயிற்சி வண்டியின் பின் சீட்டில் ஏறிக்கொள்கிறார். கடற்கரைச் சாலையில் ஆடு குறுக்கே வந்தால் ஓட்டுகிறவருக்கு முன்னால் அவர் பிரேக் போடுகிறார். வெறும் தரையை மிதிப்பார். வண்டி நின்றால் தன்னால்தான் என்று நம்புகிறார்.

கற்றுக்கொள்ள வந்த இரண்டு பெண்கள் பாதியில் நின்றுவிட்டார்கள்.

அதனால் முந்தின நாளே ஆடிட்டர் சேக் அலாவுதீனுக்குப் போன் செய்திருந்தேன். கூட்டு வியாபாரம் நமக்குச் சரிப்படாது என்பதை அவரே சொல்லிவிட வேண்டும். நான் சொன்னால் நன்றாக இருக்காது.

ஒப்புக்கொண்டபடி அவர் பயமுறுத்த ஆரம்பித்தார்.

“பார்ட்னர்ஷிப்னா வெளையாட்டு இல்லீங்க. நாளைக்கு நீங்க ஒரு கரண்ட் கம்பத்துல இடிச்சீங்கன்னா உங்க மாப்பிள்ளை வீடு ஜப்தியாவும்.”

“நான்தான் வண்டியே ஓட்ட மாட்டேனே பாய். எங்க போயி இடிக்கிறது?”

“கம்பெனி பேர்ல கடன் வாங்கினீங்கன்னா அவரும்தான் கட்டணும்.”

“என்னை நம்பி எவன் குடுப்பான்?”

ஆடிட்டர் என்னைப் பார்த்தார். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். “ரெண்டு பார்ட்னர்ல ஒருத்தர் இறந்துட்டா…”

மாமா கையை உயர்த்தினார். “அந்த வார்த்தை வேணாம் பாய். நல்ல நாளும் அதுவுமா.”

ஆடிட்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “சரிங்க. காலமாயிட்டா.”

“அதுவும் வேணாம்.”

“ஊருக்குப் போயிட்டா?”

மாமா யோசித்தார். பரவாயில்லை என்று தலையசைத்தார்.

“ரெண்டு பேர்ல ஒருத்தர் ஊருக்குப் போயிட்டா, அன்னியோட கூட்டு முடிஞ்சுதுங்க.”

“மூணு பேரா இருந்தா?”

“மிச்ச ரெண்டு பேரும் தொடரலாம். ஆனா தொடரும்னு முன்னாடியே எழுதியிருக்கணும்.”

“எழுதலைன்னா?”

“முடிஞ்சதுதான். திரும்ப வேணும்னா ரெண்டு பேரும் சம்மதிச்சுப் புதுசா எழுதிக்கணும்.”

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

“நாங்க மூணு பேருதான் பாய் இருந்தோம். எம் பொண்ணு அல்லி செத்துப்போயிட்டா. பேரப்புள்ளையும் இல்ல. எழுதி வச்சிக்கணும்னு எங்களுக்குத் தெரியல.”

நல்ல நாளும் அதுவுமாக அந்த வார்த்தையை அவரே சொன்னார்.

ஆடிட்டர் இந்த முறை என்னைப் பார்க்கவில்லை.

மாமாவும் பார்க்கவில்லை. காலண்டரிடம் சொன்னார். “பன்னண்டு மணிக்கு ராகு காலம் வந்துடும். சம்மதமா இல்லையான்னு அதுக்குள்ள சொல்லிடுங்க மாப்பிள்ளை.”

நான் எழுந்து படியிறங்கினேன். பின்னாலேயே அவரும் இறங்கி வந்தார்.

பயிற்சி வண்டி வாசலில் நின்றது. வழக்கம்போல் அவர் பின் கதவைத் திறந்தார்.

“பார்ட்னருக்கு ஓட்டத் தெரியணும் மாமா.”

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன். ஏறி உட்கார்ந்து, விழுந்துவிடப் போகிறவர் போல இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

நான் சுற்றி வந்து இடப்பக்கம் உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுப்பவருக்காக அங்கேயும் ஒரு பிரேக் உண்டு.

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. மாமா பிரேக்கை மிதித்தார்.

நானும் மிதித்தேன்.