செவ்வாய்க்கிழமைப் பயணம்

"லீவு நாள்ல சுத்துறதுக்கா கம்பெனி பஸ் பாஸ் கொடுக்குது?" என்றார் மேலாளர்.

பேக்கிங் பிரிவுக்காரர் பதறினார். "எனக்கு லீவே செவ்வாய்க்கிழமைதான். அன்னிக்கு நான் வாசப்படி தாண்ட மாட்டேன் சார்."

"அப்ப வீட்ல யாராவது எடுக்கறாங்களா? அடுத்த ஆள் கைக்குப் போனா பாஸ் ரத்து, தெரியுமில்ல?"

"மனைவி ஒருத்திதான் சார். அவளும் அன்னிக்கு அக்கா வீட்டுக்கு நடந்தே போயிடுவா. பக்கத்துத் தெருதான்."

மேலாளர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். பாஸின் பதிவில் கடந்த நான்கு செவ்வாய்க்கிழமைகளிலும் இறங்கிய இடம் ஒன்றுதான்: புற்றுநோய் மருத்துவமனை நிறுத்தம்.

வாராவாரம் அக்கா வீட்டிலிருந்து வந்ததும் மனைவி சாப்பிடாமல் சுருண்டு படுத்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சொல்லுங்க, யாரு போனது?"

"நான்தான் சார்," என்றார் அவர். "சம்பளத்துல பிடிச்சுக்குங்க. பாஸை மட்டும் வாங்கிடாதீங்க. நாளைக்கு செவ்வாய்க்கிழமை."