சிவப்புச் சீட்டா, நீலச் சீட்டா?

"மேடம், கவரைப் பிரிச்சிட்டாங்களா?"

காலையிலிருந்து இது ஐந்தாவது முறை. ஆராய்ச்சியாளர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தார். "பதினொரு மணிக்குத்தான் அண்ணே. என்னைவிட உங்களுக்குத்தான் அவசரமா இருக்கு!"

எலிக்கூடத்தில் தீனி வைப்பவர் அங்கிருந்து நகரவில்லை. தீனி அளக்கும் கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்திருந்தார்.

மூன்று வருடப் பரிசோதனை அது. இருநூறு சுண்டெலிகள். பாதிக்கு வைட்டமின் ஈ கலந்த தீனி, பாதிக்குச் சாதாரணத் தீனி. வைட்டமின் ஆயுளைக் கூட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கூண்டுகளில் சிவப்புச் சீட்டும் நீலச் சீட்டும் ஒட்டியிருக்கும். தீனி மூட்டைகளிலும் அதே நிறச் சீட்டுதான்; எந்த நிறத்துக்கு எந்தத் தீனி என்பது தீனி வைப்பவருக்கும் தெரியாது, ஆராய்ச்சியாளருக்கே தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். அந்த ரகசியம் ஒட்டிய கவருக்குள், இயக்குநரின் பீரோவில் பத்திரமாக இருந்தது.

எலிகள் செத்த தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாயிற்று. சிவப்புச் சீட்டு எலிகள்தான் சராசரியாக மூன்று வாரம் கூடுதலாக வாழ்ந்திருந்தன.

"சிவப்புதான் வைட்டமின். இதுக்குக் கவர் வேற எதுக்கு?" என்றாள் கூண்டு கழுவுகிற பெண். "நம்ம நூறு வயசு அண்ணன் இனிமே மாத்திரையை ரெண்டு ரெண்டா முழுங்குவாரு, பாருங்க!"

நூறு வயசு என்பது தீனிக்காரருக்கு அங்கே விழுந்த பட்டப்பெயர். கிடங்கில் ஃபேனுக்கு அடியில் சொகுசாக உட்கார்ந்திருந்த மனிதர், இந்தப் பரிசோதனை தொடங்குகிறது என்று கேள்விப்பட்டதும் அறை அறையாக ஏறி இறங்கி, கெஞ்சிக் கூத்தாடி இந்த நாற்றத்துக்கு மாற்றல் வாங்கி வந்தார். மனுஷன் வீட்டில் வைட்டமினை முழுங்கிக்கொண்டிருக்கிறார், அது பலிக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவரும் ஆமாம் என்றதில்லை, இல்லை என்றதில்லை.

பதினொன்றே காலுக்குப் போன் அடித்தது. ஆராய்ச்சியாளர் எடுத்தார். "சொல்லுங்க சார்... என்னது? இன்னொரு தடவை படிங்க சார்." போனை வைத்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சிவப்பு சாதாரணத் தீனியாம். நீலம்தான் வைட்டமின்."

கூண்டு கழுவுகிறவள் சத்தமில்லாமல் வெளியே நழுவினாள்.

தீனிக்காரர் ஓரடி உள்ளே வந்தார். "அப்போ வைட்டமின் கிடைக்காத எலிங்க... அதனால அதுங்க ஆயுசு குறையலயா மேடம்?"

"எங்க குறைஞ்சுது? மூணு வாரம் கூடுதலாவே இருந்திருக்கு."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க மேடம்."

"இதுல பார்க்க என்ன அண்ணே இருக்கு? நீங்க எழுதின தேதிங்கதானே!"

அவர் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

ஆராய்ச்சியாளருக்குத் தன் கவலை மறந்துபோனது. "ஐயோ, பயப்படாதீங்க அண்ணே. எலி வேற, மனுஷன் வேற. இத்தனை வருஷம் முழுங்கினதால உங்களுக்கு ஒண்ணும் ஆகிடாது. வேணும்னா இனிமே நிறுத்திடுங்க, அவ்வளவுதான்."

அவர் கையை எடுத்தார். கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால் மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சியாளருக்குச் சுருக்கென்றது. "மூணு வருஷமா நான் நினைச்சது எல்லாம் தலைகீழாப் போயிருக்கு. உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

"மன்னிச்சுக்குங்க மேடம். நான் ஒரு மாத்திரைகூட முழுங்கினதில்ல."

"அப்புறம் எதுக்கு இந்த அறைக்கு வரணும்னு அப்படி அலைஞ்சீங்க?"

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் வீட்டுக்காரிக்கு இந்த வைட்டமின் மாத்திரை மேல அவ்வளவு நம்பிக்கை. படுக்கையில விழுந்தப்புறம் டாக்டர் எழுதின மருந்தையெல்லாம் நேரம் தவறாம கொடுத்தேன். இந்த மாத்திரை தீர்ந்துபோனப்போ மட்டும், இன்னைக்கு வாங்கறேன், நாளைக்கு வாங்கறேன்னு மறந்து மறந்து நாற்பது நாள் ஓட்டிட்டேன்... நாற்பத்தொண்ணாவது நாள் அவ போயிட்டா. எலி வேற, மனுஷன் வேறன்னு எனக்கும் தெரியும் மேடம், ஆனா இன்னைக்குத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."