நாற்பதுக்கும் ஒரே நிறம்

ஐயாசாமி பெற்றது இரண்டு, வளர்த்தது நாற்பது. நாற்பதும் பாலோ ஊர்ப் பக்கத்து ஆய்வுப் பண்ணையின் சர்க்கரைவள்ளி ரகங்கள்.

இடம் போதவில்லையாம். இலை நிறம் ஒன்றாக இருக்கும் ரகங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழிக்க உத்தரவு.

அதிகாரி தவமணிதேவி நிறம் அளக்கும் கருவியை இலை இலையாக வைத்துப் பார்த்தார். நாற்பதுக்கும் ஒரே எண்.

“மேடம், இது ஊதா, அது பச்சை. கண்ணுக்கே தெரியுது லா!” என்று கெஞ்சினார் ஐயாசாமி.

“கண்ணு ஏமாத்தும் ஐயாசாமி. மெஷின் ஏமாத்தாது.”

மத்தியானத்துக்குள் டிராக்டர் முப்பத்தொன்பதையும் உழுதுபோட்டது.

ஐயாசாமி கருவியைத் துடைத்துவைக்க எடுத்தார். இலையைப் பார்க்கும் அதன் கண்ணாடியில், போன வாரம் ஆயுத பூசைக்கு அவரே பயபக்தியோடு வைத்த சந்தனப் பொட்டு கெட்டியாகக் காய்ந்திருந்தது.