பாதிச் சொல்லில் நின்ற படம்

"ரெண்டுல ஒண்ணுதான். வீட்டுக்கு வை-ஃபை, இல்லேன்னா என் ஃபோனுக்கு டேட்டா. ரெண்டுக்கும் கட்டணத்தை ஏத்திட்டாங்க. எதை விடலாம், நீயே சொல்லு" என்றார் தச்சர்.

மனைவி உடனே மறுமொழி சொல்லவில்லை. கையில் வேலை இருக்கையில் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையின் பொத்தானுக்கு முடிச்சிட்டு, ஊசியை நூற்கண்டில் குத்தி வைத்த பிறகே நிமிர்ந்தாள்.

"இதுல சொல்ல என்ன இருக்கு? டேட்டாவை விடுங்க."

"பட்டறைக்கு உன் வை-ஃபை எட்டுமா? கதவு, ஜன்னல் வேணுங்கிறவங்க படத்தையும் அளவையும் ஃபோனுக்குத்தானே அனுப்பறாங்க? டேட்டா இல்லேன்னா நான் அங்க மரத்தோடதான் பேசிக்கிட்டிருக்கணும்."

"பேசுங்களேன். மரமாவது நீங்க சொல்றதுக்கு எதிர்த்துப் பேசாம இருக்கும்."

இருவருக்கும் நடுவே அமர்ந்திருந்த அவளுடைய தம்பி சிரித்துவிட்டான். மாமாவின் பார்வை தன்மேல் விழுந்ததும் சிரிப்பை விழுங்கினான்.

"அக்கா, மாமா சொல்றதும் நியாயம்தானே? தொழில் முக்கியம். வெளியூர்ல இருக்கற பொண்ணு வீடியோவுல பேசறதை விட்டுட்டு, சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பிடட்டுமே! அதுக்குக் கொஞ்சம் டேட்டா போதும்."

"எழுதி அனுப்பணுமா? அவ என்னைக் கிண்டல் பண்ணும்போது ஒத்தைப் புருவம் மேல ஏறுமே, அதை எப்படிடா எழுதுவா? உதட்டைச் சுழிச்சா ஒரு அர்த்தம், கண்ணைச் சுருக்கினா ஒரு அர்த்தம். முகத்தைப் பார்க்காம அது என்ன பேச்சு?"

"அப்போ ரெண்டுமே இருக்கட்டும். அவதான் உதவித்தொகையிலேர்ந்து கட்டறேன்னு சொன்னாளே!"

தச்சரின் நெஞ்சு நிமிர்ந்தது. "படிக்கிற பொண்ணு காசுல பேசற நிலைமைக்கு நாங்க இன்னும் வரலே, மாப்ளே."

"இந்த ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லே" என்றாள் மனைவி. எனினும் அவள் முகத்திலும் அதே ரோஷம் சுடர்விட்டது.

"ஏன் இருக்காது? அவளுக்குப் பேசக் கத்துக்குடுத்தவனே நான்தான்."

"யாரு, நீங்களா? அவ முதன்முதல்ல சொன்ன வார்த்தை 'பால்'. என் மடியிலேர்ந்து என்னைப் பார்த்துத்தான் சொன்னா. ஒழுங்கா உட்காரக்கூடத் தெரியாத வயசு! அந்த வயசுல குழந்தை பேசுமான்னு அக்கம்பக்கத்துல ஒருத்தரும் நம்பலே."

வாதத்தில் தோற்கப்போவது தெரிந்தால் தச்சர் கையாளும் உபாயம் ஒன்று உண்டு. எழுந்து சென்று விளக்கை அணைத்துவிடுவார். அன்றும் அணைத்தார். பேச்சு அந்தக் கணமே அறுந்தது. மனைவி சுவரைத் தடவிச் சென்று மீண்டும் விளக்கைப் போட்டாள்.

"நான் இன்னும் முடிக்கலே!"

தம்பி இருவருக்கும் இடையே புகுந்தான். "போதும், போதும். இன்னும் கொஞ்ச நேரத்துல அவ மேடை ஏறப்போறா. வை-ஃபையை அணைச்சுட்டு மாமா ஃபோன் டேட்டாவுலயே பார்ப்போம். நல்லா வந்துச்சுன்னா டேட்டா. வரலேன்னா வை-ஃபை. சம்மதமா?"

இருவரும் இசைந்தனர். கைபேசியை மேசைமேல் சாய்த்து வைத்து, மூன்று தலைகளும் அதன்முன் ஒன்றாய்க் குனிந்தன.

அது பட்டமளிப்பு விழா. பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் பெற்ற மாணவி என்னும் சிறப்போடு, பட்டம் பெற்ற அனைவர் சார்பிலும் உரையாற்ற அவர்களுடைய மகள் மேடைக்கு வந்தாள். கறுப்பு அங்கி. கழுத்தில் பதக்கம். தச்சர் தம்மை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

"அங்கி தோள்ல சரியா உட்காரலே. நான் தைச்சிருக்கணும்" என்றாள் தாய், விழியோரத்தைத் துடைத்துவிட்டு.

மகள் பேசத் தொடங்கினாள். "எனக்கு மொழியைக் கொடுத்தவங்களைப் பத்தி முதல்ல சொல்லணும். அவங்க இந்த அரங்கத்துல இல்லே. அவங்க…"

படம் நின்றது. உயர்த்திய கையோடு, பாதிச் சொல்லில், மகள் சிலையானாள். திரையின் நடுவே ஒரு வட்டம் ஓயாது சுழன்றது.

"ஐயோ! என்ன சொல்ல வந்தா?" தாய் துடித்தாள்.

"படம் நின்னா என்னக்கா? பேச்சு வந்துக்கிட்டுதானே இருக்கு?" என்றான் தம்பி.

அவள் தம்பியை ஏறிட்டுப் பார்த்தாள். "உனக்கு வருதுடா."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் தச்சர் வை-ஃபை பெட்டியின் விசையைப் போட்டிருந்தார். அதன் சிறு விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கண் விழித்தன.

"டேட்டா வேணாம். கதவுக்குப் படம் அனுப்பறவங்க சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கட்டும். வீட்டுக்கு வந்து பார்த்துக்கறேன். என் பொண்ணு பேச்சு பாதியில நிக்கக் கூடாது."

படம் உயிர் பெற்றது. அவையோர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தனர். மகள் நேராகக் கேமராவையே பார்த்தாள்.

"இந்தப் பதக்கம் எங்க அம்மா அப்பாவோடது."

நிறைந்திருந்த அவைக்கு அதை அவள் வாயால் உரைத்தாள். பிறவியிலேயே செவி கேளாத தாய்க்கும் தந்தைக்கும், அவர்கள் அன்று மாலை முழுவதும் சண்டையிட்டுக்கொண்ட அதே விரல்மொழியில், ஒவ்வொரு சொல்லையும் உடனுக்குடன் தன் இரு கைகளாலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.